கருங்கழியில் மூன்றாவது ஆட்டம்

"எல்லாருக்கும் ஓப்பன்" என்று போட்டிருந்தார்கள். சென்னையில் ஒரு கேமிங் அணியின் பயிற்சி முகாம், கட்டணம் கிடையாது, நேரில் வந்தால் போதும். போர்ட் பிளேரிலிருந்து நேரில் வருவது என்றால் என்ன என்று அதை எழுதியவனுக்குத் தெரியாது. கப்பலில் மூன்று நாள். அதுவும் கப்பல் கிளம்பினால், டிக்கெட் கிடைத்தால். விமானம் இருக்கிறதே என்பான். இருக்கிறது. தினமும் எங்கள் கூரைக்கு மேலே போகிறது, பார்த்திருக்கிறேன்.

நான் போகவில்லை. டெலானிபூர் பிரவீன்குமார் போனான். அவன் அப்பா அரசாங்க இன்ஜினியர். லீவில் ஊருக்குப் போன வீட்டார் விமானத்தில் இவனையும் கூட்டிக்கொண்டு போய் சென்னையில் இறக்கிவிட்டார்கள். திரும்பி வந்தபோது அவனிடம் அணியின் பெயர் போட்ட டி-ஷர்ட் இருந்தது. 'மேப் அவேர்னெஸ்' என்று ஒரு வார்த்தையும் இருந்தது. டீக்கடையில் நின்றுகொண்டு அதைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

நாங்கள் ஆடுவது எம்பர்லைன் என்ற கம்ப்யூட்டர் போர் விளையாட்டு. இருவர் ஆடுவது. ஆளுக்கு ஒரு மூலையில் ஒரு கோட்டை, சில வேலையாட்கள், ஒரு இரும்புச் சுரங்கம். இரும்பைத் தோண்டி வீரர்களைத் தயார் செய்து எதிரியின் கோட்டையை உடைக்க வேண்டும். சதுரங்கம் போல முறை வைத்து நகர்த்துவதில்லை, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆடுவோம். மேப் முழுவதும் முதலில் இருட்டு. நம் ஆள் நடந்து போகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் விழும். தெரிந்த மேப் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஆடலாம். தெரியாத மேப்பில் ஒவ்வொரு அடியையும் ஆள் அனுப்பித் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தமான் சுற்றில் ஜெயிப்பவருக்குச் சென்னை அணியில் ஒரு வருடம் இடம். தங்குவதும் பயிற்சியும் அவர்கள் பொறுப்பு. ஒரே ஒரு இடம். அது எனக்கு வேண்டும். ஏன் என்று கேட்டால், நான் பி.காம். எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி. அதை ஃபிரேம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு, ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்கு எதிரே ஒரு ஏஜென்ட் ஆபீசில் பில் போடும் வேலைக்கு எனக்குச் சொல்லி வைத்திருக்கிறார் அப்பா. மற்றவர்கள் கப்பலேறப் பில் போட்டுக் கொடுக்க வேண்டும், நான்.

"ஏட்டி செல்வி, நல்லா கேட்டுக்க" என்று அப்பா அடைக்கலசாமி வலையைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "ஜெயிச்சியன்னா போ. நான் வந்து கப்பலேத்தி விடுதேன். தோத்தா திங்கக்கெழம காலைல ஆபீஸ்ல போய் நிக்கணும். பொறவு அந்தப் பொம்மச் சண்டைய நான் பாக்கப்பிடாது."

"சரி" என்றேன். வேறு என்ன சொல்ல.

டெலானிபூரில் ஒரு கம்யூனிட்டி ஹாலை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மேடையில் இரண்டு கம்ப்யூட்டர், நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. எங்களுக்கு முதுகுக்குப் பின்னால், பார்வையாளர்களுக்கு ஒரு பெரிய திரை. நடத்த வந்தவன் ஹரிஹரன், சென்னை அணியின் ஆள். நடுவரும் அவன்தான், மைக்கில் வர்ணனை செய்வதும் அவன்தான். காலையிலிருந்து மற்றவர்கள் எல்லாம் தோற்றுப் போய், கடைசியில் நானும் பிரவீனும் மிஞ்சினோம். மூன்று ஆட்டம். இரண்டு ஜெயித்தால் சீட்.

முதல் ஆட்டத்தில் தோற்றேன். தெரிந்த மேப்தான். அப்படியும் தோற்றேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தீவில் கப்பல் வராது என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், மத்தியானத்துக்குள் ஜங்லிகாட் மார்க்கெட்டில் வெங்காயம் இருக்காது, உருளைக்கிழங்கு இருக்காது. அதனால் எல்லா வீட்டிலும் கட்டிலுக்கு அடியில் ஒரு மூட்டை கிடக்கும். இருக்கிறபோது வாங்கி வை, இருப்பதைத் தொடாதே. இந்தப் புத்தியோடுதான் இங்கே எல்லோரும் எம்பர்லைன் ஆடுகிறோம். இரும்பைத் தோண்டித் தோண்டிச் சேர்ப்போம். செலவு பண்ணக் கை வராது. இந்த விளையாட்டில் சேர்த்து வைத்த இரும்புக்கு ஒரு மதிப்பும் இல்லை, அது வீரனாக மாறினால்தான் மதிப்பு. பிரவீனும் முன்னால் அப்படித்தான் ஆடுவான். முகாமில் அவனுக்கு அந்தப் பழக்கத்தைத் தீர்த்து அனுப்பியிருந்தார்கள். என் கையில் இரும்பு மலையாகக் கிடக்க, அவன் ஆட்கள் வந்து என் கோட்டையை உடைத்துவிட்டார்கள்.

ஹெட்போனைக் கழற்றியபோது ஹரிஹரனின் குரல் மைக்கில் கேட்டது. "பாருங்க மக்களே, சகாயசெல்வி அக்கவுன்ட்ல அவ்ளோ இரும்பு சும்மாவே தூங்குது. என்ன சிஸ்டர், கல்யாணத்துக்குச் சேர்க்கறீங்களா?"

ஹால் முழுக்கச் சிரிப்பு. பிரவீனிடம் அவன் கல்யாணத்தைப் பற்றிக் கேட்கமாட்டான்.

இடைவேளையில் என் தோழி சுபிதா மேடைக்கு வந்தாள். ஜங்லிகாட்டில் ஸ்கூட்டர் ஒர்க்‌ஷாப்புக்கு மேல்மாடியில் ஒரு கேமிங் சென்டர் இருக்கிறது. அதை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். நான் ஆடிப் பழகியது அங்கேதான். பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து என் இடது கையில் பெரிதாக 'கர்ச் கரோ' என்று எழுதினாள்.

"செலவு பண்ணுன்னு தமிழ்லயே எழுதலாம்லா?"

"தமிழ்ல சொன்னா நீ கேக்க மாட்ட. உங்கப்பா சொன்ன மாதிரி இருக்கும். சலோ, போய் உக்காரு."

இரண்டாவது ஆட்டம் முழுக்க அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து ஆடினேன். இரும்பு வர வர வீரன், வர வர வீரன். ஜெயித்தேன். ஹரிஹரன் மைக்கில் அதைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. 'பிரவீன் கொஞ்சம் அசந்துட்டார்' என்றான்.

மூன்றாவது ஆட்டத்துக்கு முன்னால் எழுந்து நின்று அறிவித்தான். "இப்ப வரப்போறது கருங்கழி. இந்தப் போட்டிக்குன்னே செஞ்ச புது மேப். இதுவரைக்கும் எந்தப் பிளேயரும் பார்த்ததில்ல. ரெண்டு பேருக்கும் ஒரே இருட்டு. யாரு சீக்கிரம் கத்துக்கறாங்களோ அவங்களுக்குத்தான் சென்னை."

திரை கறுத்தது. என் கோட்டை கீழே இடது மூலையில். சுற்றிக் கொஞ்சம் வெளிச்சம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஒரு வேலையாளை எடுத்து உடனே இருட்டுக்குள் அனுப்பினேன். அவன் போகப் போக ஒரு அகலமான பாதை தெரிந்தது. பாதையின் ஓரத்தில் ஒரு கழி, கறுத்த தண்ணீர், இறங்க முடியாது. கழிக்கு அந்தப் பக்கம் நெருக்கமாக மரம். கோட்டையில் இருப்பது தீர்ந்த பிறகு தோண்டும் இரண்டாவது சுரங்கம் எங்கேயும் கண்ணில் படவில்லை. எல்லா மேப்பிலும் கோட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கும். இதில் இல்லை.

பயம் வந்தது. பயம் வந்தால் எனக்கு என்ன ஆகும் என்றுதான் சொன்னேனே. வீட்டுச் சுரங்கம் சின்னது, சீக்கிரம் தீர்ந்துவிடும் போலிருந்தது. நான் இரும்பைச் சேர்க்க ஆரம்பித்தேன். கையில் எழுதியிருந்தது வேர்வையில் கலைந்து நீலக் கறையாகிவிட்டிருந்தது.

நான் அனுப்பிய வேலையாள் பாதையிலேயே போய்ப் போய், பிரவீனின் கோட்டை ஓரத்துக்கு வந்து சேர்ந்தான். அங்கே நிறுத்தி வேடிக்கை பார்க்கவிட்டேன். அப்போது பிரவீனின் வேலையாள் ஒருவன் வெளியே வந்தான்.

புதிதாக ஒரு ஊருக்கு வந்தவன் எப்படி நடப்பான்? பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்து நின்று இரண்டு பக்கமும் பார்ப்பான். யாரிடமாவது கேட்பான். பெரிய ரோட்டில் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவான். இவன் எதையும் செய்யவில்லை. பெரிய பாதையை ஏறிட்டும் பார்க்காமல், நேராக மரச்சுவரைப் பார்த்து நடந்தான். அவன் கண்ணுக்கு அங்கே இருட்டைத் தவிர ஒன்றும் தெரிந்திருக்க முடியாது. போய் முட்டப் போகிறான் என்று நினைத்தேன். முட்டவில்லை. மரங்களுக்கு நடுவில் ஒரு ஆள் நுழையும் இடைவெளி இருந்தது. நுழைந்தான்.

என் காது சூடாகிவிட்டது. இந்த மேப்பை அவன் முன்னாலேயே பார்த்திருக்கிறான். முகாமில் இதை ஆடியிருக்கிறான். டி-ஷர்ட்டோடு சேர்த்து இதையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நான் இருட்டில் துழாவிக்கொண்டிருக்கிறேன். இவன் தன் வீட்டுக் கொல்லைக்குப் போகிற மாதிரி போகிறான். அந்த நிமிஷம் ஹெட்போனைக் கழற்றி பிளைவுட்டுக்கு மேலாக அவன் தலையில் போட வேண்டும் போல இருந்தது.

போடவில்லை. என் வேலையாளை அவன் பின்னால் விட்டேன்.

நீ எனக்கு வழி சொல்ல மாட்டாய் அல்லவா, நட. நீ நட, நான் பார்த்துக்கொள்கிறேன். அவன் இடது பக்கம் திரும்பினான், நானும் திரும்பினேன். அப்புறம் வலது. மரங்களுக்கு உள்ளே, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், பெரிய இரும்புச் சுரங்கம். அவன் அதன் பக்கத்தில் வேலையைத் தொடங்கினான். என் ஆள் மரத்தை ஒட்டி நின்றதை அவன் கவனிக்கவே இல்லை. மேப் தெரிந்தவன் சுற்றிப் பார்ப்பதில்லை.

போட்டி மேப் எல்லாமே கண்ணாடி பார்த்த மாதிரி இருக்கும். அவன் மூலையில் என்ன உண்டோ அது என் மூலையிலும் உண்டு, திசை மட்டும் மாறும். அவன் நுழைந்த இடத்தை மனதில் திருப்பிப் போட்டேன். என் பக்கத்து மரச்சுவரில் அதே அளவு தூரத்துக்கு இன்னொரு வேலையாளை அனுப்பினேன். முதல் தடவை மரத்தில் முட்டினான். கொஞ்சம் தள்ளி அனுப்பினேன். இடைவெளி இருந்தது.

இப்போது என் கையில் சேர்த்து வைத்த இரும்பு இருந்தது. பிரவீன் ஒழுங்காகச் செலவு பண்ணிப் பண்ணி, அவன் கையில் ஒன்றும் இல்லை. புதுச் சுரங்கத்தை நம்பித்தான் இருந்தான். வீட்டுச் சுரங்கம் இரண்டு பேருக்கும் தீர்ந்தது. மொத்த இரும்பையும் ஒரே மூச்சில் இறக்கினேன். நாலு பட்டறை, வீரர்கள், இரண்டு காவல் கோபுரம். அந்தக் கோபுரங்களை அவனுடைய மரச்சுவர் இடைவெளியிலேயே, ஆள் நுழைகிற வாசலிலேயே கட்டினேன். உள்ளே போனவனால் வெளியே வர முடியவில்லை. அவன் இரும்பு உள்ளே, கோட்டை வெளியே. கப்பல் வராத ஊர் எப்படி இருக்கும் என்று அவனுக்கு மறந்து போயிருக்கும். ஞாபகப்படுத்தினேன்.

ரொம்ப நேரம் ஆகவில்லை. பிரவீன் ஆட்டத்தை விட்டு வெளியேறினான்.

சுபிதா விசில் அடித்தது ஹெட்போனையும் தாண்டிக் கேட்டது. நான் எழுந்திருப்பதற்குள் பிரவீன் எழுந்துவிட்டான்.

"சார், இவ என் ஸ்கிரீனைப் பார்த்துட்டா."

"என்ன சொன்ன?"

"பின்ன என்ன? அந்த கேப் உனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? வெளிய இருந்து பார்த்தா தெரியவே தெரியாது. என் ஸ்கிரீனை எட்டிப் பார்த்திருக்க. இல்லன்னா திரும்பிப் பெரிய ஸ்கிரீனைப் பார்த்திருக்க."

"வெளிய இருந்து பார்த்தா தெரியாதுல்ல?" என்றேன். "அப்ப உனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

ஹரிஹரன் மைக்கைக் கீழே வைத்துவிட்டு எங்களுக்கு நடுவில் வந்தான்.

"சிஸ்டர், கூல். அவர் புகார் கொடுத்தா நான் விசாரிக்கணும். நீங்க சொல்லுங்க, அந்த வழி எப்படித் தெரிஞ்சுது?"

"ரெக்கார்டிங் இருக்குல்ல, போடுங்க. இவன் கண்ணுக்கு என்ன தெரிஞ்சுதோ அதை மட்டும் வெச்சுப் போடுங்க. பெரிய திரைல போடுங்க."

"அதெல்லாம் இப்ப தேவையில்ல."

"போடுங்க சார்" என்று ஹாலிலிருந்து யாரோ சொன்னார்கள். அப்புறம் நிறையப் பேர் சொன்னார்கள். ஹரிஹரன் போட்டான். போடாமல் இருந்தால் இன்னும் அசிங்கம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

திரையில் பிரவீனின் கோட்டை, அதைச் சுற்றி இருட்டு. அவன் வேலையாள் கிளம்பினான். பெரிய பாதையை விட்டான். கறுப்பைப் பார்த்து நேராக நடந்தான். கறுப்புக்குள் நுழைந்தான், இடது, வலது, சுரங்கம். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. பின் வரிசையில் ஒருத்தன், "அரே, இவன் அங்கயே பொறந்து வளந்தவன் மாதிரி போறானே" என்றான். சிரித்தார்கள். இந்தத் தடவை என்னைப் பார்த்து இல்லை.

"நான் கெஸ் பண்ணேன்" என்றான் பிரவீன்.

"வாசல் இருக்குன்னு கெஸ். ரெண்டு தரம் திரும்பணும்னும் கெஸ். நல்ல கெஸ்."

ஹரிஹரன் என்னை மேடை ஓரத்துக்குக் கூப்பிட்டான். மைக் இல்லாதபோது அவனுடைய குரல் வேறு மாதிரி இருந்தது.

"பாருங்க சிஸ்டர். முகாம்ல டெஸ்டிங்குக்காக ஒரு தரம் ரெண்டு தரம் பசங்க அந்த மேப்பைப் போட்டிருப்பாங்க. வேணும்னு யாரும் செய்யல. அது ஓப்பன் கேம்ப். நீங்களும் வந்திருக்கலாமே."

"எதுல வர? நீந்தியா?"

"கோவப்படாதீங்க. நான் சொல்றதைக் கேளுங்க. நீங்க மேப் லீக்னு புகார் கொடுத்தா, மூணாவது ஆட்டம் ரத்து. அடுத்த சுற்றுக்குன்னு சீல் பண்ணின புது மேப் ஒண்ணு வெச்சிருக்கேன், நானே பார்த்ததில்ல. அதுல திரும்ப ஆடணும். தோத்தா தோத்ததுதான். புகார் வேணாம்னா, இந்த ஜெயிப்பு உங்களுக்கு. சீட் உங்களுக்கு. பிரவீன் கொடுத்த புகாருக்கு மட்டும் சும்மா ஒரு வார்னிங் போட்டு முடிச்சிடறேன்."

"என்ன வார்னிங்?"

"ஸ்கிரீன் பார்த்ததா சந்தேகம்னு. ஒரு வரி. யாரும் படிக்க மாட்டாங்க."

"லீக் பண்ணினவனுக்கு என்ன வார்னிங்?"

அவன் வாட்சைப் பார்த்தான். அவனுக்குச் சாயங்கால விமானம்.

"நியாயமா அவனைத்தானே வெளிய அனுப்பணும். நான் எதுக்குத் திரும்ப ஆடணும்?"

"ரூல் அப்படித்தான் இருக்கு. நான் எழுதினதில்ல."

எவனும் எழுதினதில்லை. ஓப்பன் கேம்ப் எவனும் எழுதினதில்லை, ரூல் எவனும் எழுதினதில்லை, மேப் எவனும் லீக் பண்ணினதில்லை. எழுதி அனுப்பப் போவது என் பெயருக்கு நேரே ஒரு வரி மட்டும்.

சுபிதா மேடைக்குக் கீழே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். படியேறி வந்து என் கையைப் பிடித்துத் திரைச்சீலைக்குப் பின்னால் இழுத்தாள்.

"ஏட்டி, வாங்கிட்டு வா."

"எதை?"

"சீட்டை. வார்னிங்காவது மண்ணாவது. போட்டா போட்டுட்டுப் போறான்."

"நான் பாக்கல சுபி. நான் எட்டிப் பாக்கல."

"எனக்குத் தெரியாதா? ஹால்ல இருக்க எல்லாருக்கும் தெரியும். நீ அங்க போய் ஆடிக் காட்டு, பொறவு அவனுவ வாயி தானா அடங்கும்."

"அடங்காது. அங்க போன மொத நாளே, ஓ, அந்தமான்ல ஸ்கிரீன் பாத்த பொண்ணான்னு கேப்பானுவ. ஒவ்வொரு ஆட்டம் ஜெயிக்கையிலயும் கேப்பானுவ."

"பாகல் ஹை க்யா? பைத்தியமா உனக்கு? இவன் கொண்டு வர்ற மேப்பு என்னன்னே தெரியாது. தோத்துட்டன்னா? உங்கப்பாகிட்ட என்ன சொல்லுவ? திங்கக்கெழம பில் போடுத சீட்டுல உக்காந்து, நான் ரொம்ப நேர்மையானவள்னு ஒரு போர்டு எழுதி வச்சுக்க."

அவள் சொன்னது சரிதான். அதனால் இன்னும் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. ஜெயித்தவளை இப்படி ஒரு திரைச்சீலைக்குப் பின்னால் நிறுத்தி, எதை விட்டுக் கொடுக்கிறாய் என்று கேட்கிறார்களே, அவர்கள் மேல். பிரவீன் தோற்றும் ஒன்றும் இழக்கவில்லை. அவனுக்கு அடுத்த முகாம் இருக்கும், அடுத்த விமானம் இருக்கும். ஹரிஹரனுக்கும் ஒன்றுமில்லை. இந்த ஹாலில் திங்கள்கிழமையைப் பார்த்துப் பயப்படுகிறவள் நான் ஒருத்திதான். அது தெரிந்துதான் அவன் 'புது மேப்' என்று மெதுவாகச் சொல்கிறான். பேய் என்று சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்துகிற மாதிரி.

இந்த விளையாட்டில் நான் பார்த்த மேப் எல்லாமே முதலில் எனக்குப் புது மேப்தான். எனக்கு யாரும் முன்னால் காட்டவில்லை. காலேஜில் ஃபீஸ் எந்தக் கவுன்டரில் கட்டுவது என்று என் வீட்டில் யாருக்கும் தெரியாது. மூன்று கவுன்டரில் நின்று, மூன்று இடத்திலும் இந்தியில் திட்டு வாங்கி, நாலாவதில் கட்டினேன்.

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். "ஏட்டி" என்று சுபிதா பின்னால் கூப்பிட்டாள். ஹரிஹரன் மேஜையில் வைத்திருந்த மைக்கை நான் எடுத்தேன். அவன் கை நீட்டினான், நான் கொடுக்கவில்லை.

"மேப் லீக்னு நான் புகார் கொடுக்கிறேன்" என்றேன். என் குரல் ஹாலில் இரண்டு பக்கமும் மோதித் திரும்பி வந்தது. "மூணாவது ஆட்டத்தை ரத்து பண்ணுங்க. சீல் பண்ணின மேப்பை எடுங்க. எல்லார் முன்னாலயும் எடுங்க. இவன் அதைத் தொடக்கூடாது. நீங்களும் ஆட்டம் முடியிற வரைக்கும் இவன் பக்கத்துல நிக்கக்கூடாது, மைக்ல பேசவும் கூடாது."

"யோசிச்சுச் சொல்லுங்க" என்றான் ஹரிஹரன்.

"யோசிச்சாச்சு. உங்களுக்கு ஃபிளைட்டுக்கு நேரமாகுது. எடுங்க."

பிரவீன் நாற்காலியில் உட்காராமல் நின்றான். "எதுக்கு செல்வி இதெல்லாம்? உனக்குத்தான் சீட்டுன்னு சொல்றாங்கல்ல. நான் புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன் வேணும்னா."

முதல் தடவையாக அவன் குரல் சின்னதாகிவிட்டது. அந்த வாபஸை நான் பிடித்துக்கொண்டிருக்கலாம். அதற்கு என்ன அர்த்தம் என்றும் புரிந்தது. இப்போது வாபஸ் வாங்குவான், நாளைக்கு டீக்கடையில் 'நான் பெரிய மனசு பண்ணி விட்டுக் கொடுத்தேன்' என்பான்.

"உக்காரு" என்றேன்.

ஹரிஹரன் பையிலிருந்து பென் டிரைவை எடுத்தான். நாலு பேர் மேடையேறி வந்து அவன் இரண்டு கம்ப்யூட்டரிலும் ஏற்றுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். சுபிதாவும் வந்தாள். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு என் கையைப் பிடுங்கி, நீலக் கறையின் மேலேயே மறுபடியும் எழுதினாள். பேனா அழுந்தி வலித்தது.

"தோத்தியன்னா கொன்னுருவேன்" என்றாள்.

ஹெட்போனை மாட்டவில்லை, கழுத்தில் போட்டுக்கொண்டேன். திரை கறுத்தது. இந்த முறை என் கோட்டை மேலே, நடுவில். அப்படி ஒரு இடத்தில் இதுவரை தொடங்கியதே இல்லை. சுற்றிலும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வெளிச்சம். எந்தப் பக்கம் தண்ணீர், எந்தப் பக்கம் மரம், ஒன்றும் தெரியாது.

ஒரு வேலையாளை எடுத்தேன். கீழே இருட்டைப் பார்த்து அனுப்பினேன். இன்னொருவனை எடுத்து மேற்கே அனுப்பினேன். முதல் இரும்பு வந்ததும் செலவு பண்ணினேன்.

பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் காது கொடுத்தேன். காலையிலிருந்து படபடவென்று அடித்துக்கொண்டே இருந்த பிரவீனின் மவுஸ் அது. இப்போது ஒரு கிளிக். நீண்ட இடைவெளி. அப்புறம் ஒரு கிளிக்.

என் ஆள் நடந்துகொண்டிருந்தான்.